ரத்தக் குழாயும் ரப்பர் குழாய் மாதிரிதான்!



"தலை சுத்தல் இல்லே, மயக்கம் இல்லே. அப்புறம் எதுக்குய்யா தினமும் மாத்திரை?"

பேராக்கில் முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டிய பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டு விழுகிறார்கள்.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புதுக் குழாய் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வெயிலில் கிடந்து பழசானால் இறுகிப்போகும். இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயும் அப்படித்தான். இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுக்கும். வயது, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், புகை எல்லாம் சேர்ந்து அதை இறுக்கிவிடும்.

குளிக்கும் தொட்டியில் தண்ணீரைத் தட்டிப் பாருங்கள். அலை சுவரில் மோதித் திரும்பி வரும். இருதயம் அடிக்கும்போதும் ஓர் அலை கிளம்பி, குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் மோதித் திரும்புகிறது. மிருதுவான குழாயில் அது நொடிக்கு 5 மீட்டர் அளவில் போகும். திரும்பி வருவதற்குள் இருதயம் அடித்து ஓய்ந்திருக்கும், கெடுதல் இல்லை. குழாய் இறுகினால் அலை 10 மீட்டரையும் தாண்டி ஓடும். இருதயம் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து எதிர்த்து முட்டும். மேட்டில் வண்டி தள்ளுகிறவனை எதிரே நின்று இன்னொருவன் தள்ளினால் என்ன ஆவான்? இருதயத்தின் கதியும் அதுதான்.

இந்த அலையை அளக்கக் கருவி உண்டு. பேனா போன்ற ஒன்றைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் தொடை இடுக்கிலும் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் நம் இந்திய வம்சாவளிக்காரர். பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஷேக் டீன் முகமதுவின் பேரன், டாக்டர் பிரெடரிக் அக்பர் முகமது. நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியை 1872-இல், லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோதே, திருத்தி அமைத்தார். கைப்பட்டைக் கருவி வந்ததே 1896-இல்தான். நோயே இல்லாதவர் போல நடமாடுகிறவருக்கும் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம் என்று அவர் எழுதினார். 1884-இல் 35 வயதில் காலமானார்.

நம் பெரியவர்களின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. கஷ்டம் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் 10 பேரில் 3 பேருக்கு ரத்தக் கொதிப்பு.

அலைக் கருவியைத் தேடி அலைய வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் மிஸி கையில் பட்டை கட்டிப் பார்ப்பதே போதும். இரண்டு எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். வயதானவருக்கு மேல் எண் மட்டும் ஏறியிருந்தால், குழாய் இறுகியதன் அடையாளமாக இருக்கலாம். "கீழே சரியாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

தாய்மார்களே, கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். சிகரெட்டை விடுங்கள். தினமும் நடங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பழைய ரப்பர் குழாயை மாற்றிவிடலாம். ரத்தக் குழாயை, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.