மணல் மூடிய துறைமுகமும் நேர்முகப் பரீட்சையும்

கல்வி முற்றுப்பெற்றுப் பட்டமும் கைக்கு வந்தபின் ஒவ்வோர் இளைஞனும் யுவதியும் கடந்தே தீரவேண்டிய வாயில் ஒன்று உண்டு. நேர்முகப் பரீட்சை என்பது அதன் பெயர். எழுத்துப் பரீட்சையில் விடை பிழைத்தால் அடித்துவிட்டு மீண்டும் எழுதலாம். நேர்முகப் பரீட்சையிலோ வாயினின்றும் புறப்பட்ட சொல் புறப்பட்டதுதான். கணினித் துறையில் உத்தியோகம் நாடிக் கொழும்புக்குச் செல்லும் கிழக்கு மாகாணப் பட்டதாரிகளைத் திகைக்கவைக்கும் வினா ஒன்று அங்கே கேட்கப்படுவதுண்டு. "இன்றைய தொழில்நுட்பத் துறை எதிர்நோக்கும் சவால்கள் யாவை?" என்பதே அவ்வினா.

இதற்கு நம் பிள்ளைகள் ஆயத்தமாகும் முறை பெரும்பாலும் ஒன்றே. முதல் நாள் இரவு பத்துச் சவால்களின் பெயர்களைத் திரட்டி மனனம் செய்கின்றனர். செயற்கை நுண்ணறிவு, இணையப் பாதுகாப்பு, ஆட்குறைப்பு என்று மறுநாள் ஒப்புவிக்கின்றனர். கேட்டிருப்பவர் புன்னகையுடன், "நல்லது, அவற்றுள் ஒன்றைச் சற்று விளக்குங்கள்" என்கிறார். அவ்வளவுதான், நா வறண்டுவிடுகிறது. பத்து நோய்களின் பெயரைச் சொல்லத் தெரிந்தவன் வைத்தியனாகிவிட முடியுமா? ஒரு நோயையேனும் காரணம், குணம், பரிகாரம் மூன்றும் அறிந்து கூறுபவனிடமே நாம் நாடியைப் பிடிக்கக் கையை நீட்டுவோம்.

ஆகவே பத்துச் சவால்களின் பெயர் அறிவதினும் ஒரு சவாலை வேர்வரை அறிவதே மேல். அவ்வாறு அறியும் முறையைக் கற்க ஒலுவில் மாணவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவ்வூரிலேயே இருக்கிறது. அதற்கு அண்மையில், கடற்கரையில், இன்னொரு பாடப்புத்தகம் விரிந்து கிடக்கிறது. அதுவே ஒலுவில் துறைமுகம்.

டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008 இல் தொடங்கப்பெற்று 2013 இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அது. கப்பல்கள் வரும், தொழில் பெருகும், மீனவர் வாழ்வு மலரும் என்று ஊர் எதிர்பார்த்தது. நேர்ந்ததோ வேறு. துறைமுக வாயிலை மணல் மூடியது. மீன்பிடிப் படகுகள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் இடர்ப்பட்டன. அதே வேளை வடபுறத்துக் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மக்கள் நிலத்தை இழந்தனர்.

காரணம் யாது? இக்கரையோரமாக அலைகள் மணலை மொத்தத்தில் வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. கடலுக்குள் நீட்டப்பட்ட கல்லணை அந்த ஓட்டத்தை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் ஓரிடத்தில் குவிந்தது. அது போய்ச் சேரவேண்டிய கரையோ மணலின்றித் தேய்ந்தது. மணலைத் தோண்டி அகற்றலாம். ஆனால் அலை ஓய்வதில்லையாதலின் அதனை மீண்டும் மீண்டும் செய்யவேண்டும், செலவும் மீண்டும் மீண்டும் வரும். அரிக்கும் கரையில் கற்களை அடுக்கலாம். அப்போது அரிப்பு அடுத்த கரைக்கு இடம் மாறக்கூடும்.

இக்கதையை நாம் கூறிய ஒழுங்கைக் கவனியுங்கள். என்ன நேர்ந்தது? ஏன் நேர்ந்தது? யாருக்கு நட்டம்? பரிகாரம் யாது, அதன் விலை யாது? இந்நான்குடன் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதில் என்னால் ஆவது யாது? தொழில்நுட்பச் சவால் எதுவாயினும் இவ்வைந்து வினாக்களுக்கும் விடை தேடியவனே அதைப்பற்றிப் பேசத் தகுதி பெற்றவன்.

இம்முறையைக் கணினித் துறைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2023 ஆம் ஆண்டில் நம் அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய பொதுக் கணினி அமைப்பை, தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. அக்காலத்துக்குரிய பிரதி வேறிடத்தில் பேணப்பட்டிருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தும் நிதிக் குறைவு முதலிய காரணங்களால் காலம் தாழ்ந்தது.

இனி மற்றொன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றில் பிழை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன; வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. பகைவர் எவரும் தாக்கவில்லை. காவல் செய்ய வந்த மென்பொருளே கதவை அடைத்துவிட்டது!

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஒன்றில் பழையதைக் காலத்தில் மாற்றாமை கேடாயிற்று. மற்றொன்றில் புதியதைப் போதிய அளவு சோதியாமல் எங்கும் ஒருங்கே பரப்பியமை கேடாயிற்று. விரைந்தாலும் இடர், தாமதித்தாலும் இடர். இவ்விரண்டுக்குமிடையே வழி காண்பதே சவால். சிறு தொகுதிக்கு முதலில் அனுப்பிச் சோதித்தல், பிரதிகளை வேறிடத்திற் பேணல், அப்பிரதி மீள இயங்குகின்றதா என அவ்வப்போது பரிசோதித்தல் ஆகியன பரிகாரங்கள். இவற்றுக்குப் பணமும் நேரமும் வேண்டும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் தெளிவாகக் கூறும் பிள்ளையை எந்தச் சபை புறக்கணிக்கும்?

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பார்கள். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபின் அதைத் தவிர்த்துப் பேசுவதற்கில்லை. "எல்லா வேலையும் போய்விடும்" என்ற அச்சமும், "எல்லாம் நலமே" என்ற குதூகலமும் பக்குவமான விடைகள் ஆகா. இவ்வகை இயந்திரம் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்தே வாக்கியம் அமைக்கிறது; ஆதலின் பிழையையும் உண்மைபோல் உறுதியாகக் கூறவல்லது. எழுதும் உழைப்புக் குறையுமிடத்துச் சரிபார்க்கும் பொறுப்புக் கூடுகிறது. இதனை உணர்ந்து பேசுதல் வேண்டும்.

தமிழ் மாணவருக்குச் சொந்தமான சவால் ஒன்றும் உண்டு. 'கொ' என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிக்கோட் முறையிலோ அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். இதனை அறியாது எழுதப்பட்ட நிரல் தமிழ்ப் பெயர்களின் எழுத்தைத் தவறாக எண்ணும். இடையில் வெட்டி உருக்குலைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பத்திரங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றுவதை அறியாதார் யார்? பல மொழி பேசும் நாட்டில் மென்பொருள் செய்யும் நிறுவனத்துக்கு இது சிறு விஷயமன்று. இதைப்பற்றிப் பேச வல்லவர் நம் பிள்ளைகளே.

செல்லும் நிறுவனம் யாது செய்கிறது என்பதையும் முன்னரே அறிந்துகொள்க. வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் இடமாயின், தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 இல் இயற்றப்பட்ட 9 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிச் சிறிதாவது படித்துச் செல்லவேண்டும். தெரியாததைக் கேட்டால், "அதனை நான் அறியேன், அறிய வேண்டுமாயின் இவ்வாறு தொடங்குவேன்" என்று கூறுவதில் இழிவில்லை. தெரிந்ததுபோல் நடிப்பதே இழிவு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இப்பரீட்சைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், ஆங்கிலமே தடை என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். மெய்யான தடை பல வேளைகளில் மொழியன்று, விளக்கமின்மையே. ஆதலால் முதலில் வீட்டுத் திண்ணையில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நம் தமிழிலேயே விளக்கட்டும். "அது ஏன் மகனே அப்படி?" என்று உம்மா கேட்கும் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தபின், அதே பொருளைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் உரக்கச் சொல்லிப் பழகட்டும். கருத்துத் தெளிந்தால் சொல் தானே பின்தொடரும்.

கடன்பட்டும் நகையை அடகுவைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இக்கரையோரத்தில் அநேகம். அவர்களது நம்பிக்கை, மனனம் செய்த பத்துச் சொற்களில் தங்கி நிற்கலாகாது. தன் ஊரின் பிரச்சினையை உற்று நோக்கக் கற்றவன் உலகத்தின் பிரச்சினையையும் பேச வல்லவனாவான்.