பரிசோதனையின் விலையும் வைத்தியக் கல்வியும்

அமெரிக்காவில் வைத்தியம் பயிலும் மாணவனிடம், ரத்தத்தில் சோடியம் எந்த அளவுக்குக் குறைந்தால் அபாயம் என்று வினவினால் தயக்கமின்றி விடை பகர்வான். அதை அளந்தறிவதற்கு நோயாளி செலுத்த வேண்டிய கட்டணம் யாதென வினவினாலோ திகைத்து நிற்பான். குற்றம் அவனுடையதன்று, அபூர்வமான வியாதிகளையெல்லாம் நினைவிற்கொண்டு பரிசோதனைகளை அடுக்கிக் கேட்பவனையே புத்திமானென்று மெச்சும் ஆசிரியர்கள், அவசியமற்றதொன்றைத் தவிர்த்தவனைப் பாராட்டுவது அரிது. 2009-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு வைத்தியத் துறையில் சுமார் 75,000 கோடி டாலர் விரயமாயிற்றென்றும், அதில் 21,000 கோடி தேவையற்ற சேவைகளுக்கே சென்றதென்றும் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்னும் சபை 2012-இல் மதிப்பிட்டது.

விலையை அறிவித்தாலே போதுமா? இண்டியானாபொலிஸ் நகரில் வில்லியம் டியர்னி முதலானோர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒருவாறு விடை தருகிறது. கணினி வழியாகப் பரிசோதனை கோரும் வைத்தியர்களுள் ஒரு பாதியினருக்கு மட்டும் கட்டணம் திரையில் காட்டப்பட்டது. அதைக் கண்டவர்கள் மற்றவர்களைவிட 14 சதவீதம் குறைவாகவே பரிசோதனைகளைக் கோரினர். செலவும் 13 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த அறிவிப்பு நிறுத்தப்பட்ட பின்னர்ச் செலவின் வித்தியாசம் 3.5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வேண்டுவது இதுவா என்று ஆராயும் பழக்கம் வேரூன்றாதவிடத்து விலைப் பட்டியல் நெடுநாள் பயன்தராது என்பதே இதனால் நான் கொள்ளும் கருத்து.

2012-இல் ஒன்பது வைத்தியச் சங்கங்கள், 'சூசிங் வைஸ்லி' என்னும் இயக்கத்தின் வாயிலாக, மறுபரிசீலனைக்குரியவை எனத் தத்தம் துறையில் ஐந்தைந்து வழக்கங்களைச் சுட்டிக் காட்டின. அவற்றுள் ஒன்று, அபாயக் குறிகள் ஏதுமில்லாத இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் ஸ்கேன் எடுப்பது. வைத்தியன் பணத்தைப் பற்றி எண்ணினால் தர்மம் கெடும் என்று அஞ்சுவோர் இதை ஊன்றி நோக்கவேண்டும்: தேவையற்ற ஸ்கேன், நோயாளியைக் கடனாளியாக்குவதோடு, வலிக்குக் காரணமேயல்லாத ஏதோ ஒரு தேய்மானத்தைக் காட்டி, வேண்டாத சத்திரசிகிச்சைக்கும் அவனை இட்டுச்செல்லக்கூடும்.

ஆதலால் பரிசோதனையின் தேவையையும் விலையையும் எண்ணிப் பார்க்கப் பயிற்றும் கல்வி ஓர் உபந்நியாசத்தோடு முடிந்துவிடலாகாது. நோயாளியின் கட்டிலருகே, பரிசோதனை கோரும் ஒவ்வொரு மாணவனிடமும், அதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா என்று ஆசிரியர் கேட்கவேண்டும். தேர்விலும் அதற்கு மதிப்பெண் இருக்கவேண்டும்.