கிச்சனர் ஊருக்கு வந்த 30,395 படிப்பு அனுமதிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது கிச்சனர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்று அதிகம். அங்கே தலைமையிடம் கொண்ட கோனஸ்டோகா என்ற அரசுக் கல்லூரிக்கு மட்டும் 2023-இல் கனடா ஒப்புதல் தந்த படிப்பு அனுமதிகள் 30,395. நாட்டில் வேறெந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. சுற்றியுள்ள ஊர்களிலும் அதற்கு வளாகங்கள் உண்டு என்றாலும், இத்தனை பேர் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வியை அனுமதி கொடுத்தவர்களும் கேட்கவில்லை, கட்டணம் வாங்கியவர்களும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே கனடா பிரேக் போட்டது. "ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், வாடகை ஏறிவிட்டது, அதனால் கதவைச் சாத்திவிட்டார்கள்" என்று நம் ஊர் ஏஜென்ட் அலுவலகங்களில் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை கல்லூரிகளின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

2019-இல் ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு உள்ளூர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அப்படியே உறைய வைத்தது. பெற்றோர்களுக்கு மகிழ்ச்சி, ஆட்சிக்கு நல்ல பெயர். ஆனால் அந்த இழப்பை ஈடுகட்ட அரசு மானியம் ஏறவில்லை. ஒரு மாணவருக்கு அரசு தரும் தொகையில் ஒன்டாரியோ நாட்டிலேயே கடைசி வரிசையில் இருந்த மாகாணம். கல்லூரிகளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி வெளிநாட்டு மாணவர்கள். அவர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. உள்ளூர் மாணவர் ஆண்டுக்கு மூவாயிரம் டாலருக்குள் கட்டும் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் ஏறக்குறைய ஐந்து மடங்கு கட்டினார்.

ஒன்டாரியோவின் தலைமைத் தணிக்கையாளர் 2021 டிசம்பர் அறிக்கையிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். அரசுக் கல்லூரிகளில் 30 சதவீதமாக இருந்த வெளிநாட்டு மாணவர்கள் கட்டண வருவாயில் 68 சதவீதத்தைக் கொடுத்தார்கள். அவர்களில் 62 சதவீதம் பேர் இந்தியர்கள். ஒரே நாட்டை இவ்வளவு நம்பியிருப்பது ஆபத்து என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2023-24 நிதியாண்டில் கோனஸ்டோகாவின் உபரி 25 கோடி டாலரைத் தாண்டியது. லாப நோக்கமில்லாத அரசுக் கல்லூரி ஒன்றின் கணக்கு இது.

இந்தப் பணத்தைக் கட்டிய மாணவர்கள் எந்த வீடுகளில் தங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பிரதான வளாகம் இருக்கும் டூன் பகுதி, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, முன்னால் புல்வெளி, இரண்டு கார் நிறுத்தும் இடம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அங்கேயும் டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனிலும் அந்த வீடுகளின் பேஸ்மென்டுகள் விடுதிகளாயின. பக்கவாட்டுக் கதவைத் திறந்து படி இறங்கினால் தரையில் வரிசையாக மெத்தைகள், கொதிகலனுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை, கூரையை ஒட்டி ஓர் ஆள் நுழைய முடியாத சின்ன ஜன்னல். தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இல்லாத வீடுகளும் உண்டு. இரவு ஷிப்ட் போனவரின் மெத்தையில் பகல் ஷிப்ட் முடித்தவர் படுத்துக்கொள்வார். இதற்கும் ஆளுக்கு மாதம் சில நூறு டாலர் வாடகை.

வீட்டுக்காரரை மட்டும் வில்லனாக்கிவிட முடியாது. அவரும் பல இடங்களில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த குடியேறிதான். 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் கனடா மத்திய வங்கி வட்டி விகிதத்தை 0.25 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு ஏற்றியது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களின் மாதத் தவணை எகிறியபோது, பேஸ்மென்டில் இரண்டு பேருக்குப் பதில் ஆறு பேரை வைத்து அதைக் கட்டினார்கள். பிராம்ப்டன் மாநகராட்சி 2024-இல் சில வார்டுகளில் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

வீட்டுத் தட்டுப்பாடு மாணவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2030-க்குள் திட்டமிட்டதற்கு மேல் 35 லட்சம் வீடுகள் தேவை என்று 2022-லேயே கனடாவின் மத்திய வீட்டுவசதி நிறுவனம் கணக்கிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த பேருந்தில் கடைசியாக ஏறியவர் மீது எல்லோரும் எரிந்து விழுந்த கதைதான் நடந்தது.

அந்தக் கோபம் பொய்யல்ல. 2023-இல் மட்டும் கனடாவின் மக்கள்தொகை 12.7 லட்சம் கூடியது, அதாவது 3.2 சதவீதம். அதில் ஏறக்குறைய 98 சதவீதம் வெளியிலிருந்து வந்தவர்கள். 1957-க்குப் பிறகு அந்த வேகத்தில் நாடு வளர்ந்ததில்லை. குடும்ப மருத்துவர் கிடைக்கவில்லை, பகுதிநேர வேலைக்கு உள்ளூர் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். குடியேற்றம் மிக அதிகம் என்று சொன்னவர்கள் என்விரானிக்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பில் 58 சதவீதத்தை எட்டினார்கள். கோபத்தோடு வெறுப்பும் சேர்ந்தது. தெற்காசியர்கள் மீதான வெறுப்புக் குற்றங்கள் என்று காவல்துறை பதிவு செய்தவை 2019-க்குப் பிறகு இரண்டு மடங்குக்கும் மேலாயின. கட்டணத்தை உறைய வைத்த அமைச்சர்களின் முகம் தெருவில் தெரிவதில்லை. உணவுப் பையோடு சைக்கிளில் போகும் பையனின் முகம் தெரிகிறது.

2024 ஜனவரி 22 அன்று குடியேற்ற அமைச்சர் மார்க் மில்லர் படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பை அறிவித்தார். நாடு முழுவதும் 35 சதவீதம் வெட்டு. ஒன்டாரியோவுக்கு அடி இன்னும் பலம். மாணவர் கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையும் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. இந்தியர்கள் அதிகம் பயன்படுத்திய விரைவு விண்ணப்ப முறையை அந்த நவம்பரில் மூடினார்கள். நிரந்தர வசிப்புரிமை இலக்கும் 5 லட்சத்திலிருந்து 2025-க்கு 3,95,000 ஆக இறங்கியது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. வீட்டுக்காரர்கள் கேட்கும் வாடகை இறங்கியது. 2025-இன் மூன்றாவது காலாண்டில் நாட்டின் மக்கள்தொகையே 0.2 சதவீதம் சுருங்கியது. ஆனால் ஒன்டாரியோ கல்லூரிகளில் 600-க்கும் மேற்பட்ட பாடப்பிரிவுகள் நிறுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். கோனஸ்டோகாவும் தப்பவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் மலிவாகப் படித்தது வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில்தான் என்பது அந்த வகுப்புகள் மூடிய பிறகே பலருக்கு உறைத்தது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இதில் உண்டு. 1983-இல் சிறுவனாகத் தாயோடு கனடா வந்து சேர்ந்த ஈழத்தமிழர் கேரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அடுத்த மாதமே எல்லைக் கட்டுப்பாட்டை இறுக்கும் சட்ட முன்வரைவைத் தாக்கல் செய்தார். நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்த பின் அடைக்கலம் கோருவோருக்கு வழக்கமான விசாரணை வழியை அடைப்பது அதன் ஓர் அம்சம். படிக்க வந்து, கடனோடு திரும்பிப் போக வழியில்லாமல் அகதி விண்ணப்பம் போட்ட மாணவர்களும் அதில் மாட்டுவார்கள். மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர்களிடையேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. முன்னால் வந்தவர்கள் பின்னால் வருபவர்களைப் பார்க்கும் பார்வை எந்தச் சமூகத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இப்போதும் கனடாவுக்குப் போக நினைப்பவர்கள் சில விஷயங்களை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் கல்லூரி டிப்ளமோ முடித்தால், அரசு பட்டியலிட்ட துறைகளில் படித்திருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்கும். அந்தப் பட்டியல் மாறவும் கூடும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்குச் செல்பவர்களுக்கு 2026 முதல் உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஏஜென்ட் சொல்லும் கல்லூரி அவருக்குக் கமிஷன் தருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தப் பாடப்பிரிவு இன்னும் நடக்கிறதா என்று கல்லூரிக்கு நீங்களே எழுதி உறுதி செய்துகொண்ட பிறகு வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போங்கள்.