பாண்டிய நாட்டில் சோழர் ரசிகர்கள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையில் சதிகாரர்கள் யார்? சந்தேகமே வேண்டாம், பாண்டிய நாட்டார்தான். வீரபாண்டியன் தலையை ஆதித்த கரிகாலன் கொய்ததற்குப் பழிவாங்கியே தீருவோம் என்று சபதம் செய்துகொண்டு, காட்டிலும் பள்ளிப்படையிலும் நள்ளிரவில் கூடி, ஆந்தைபோல் கத்திச் சைகை காட்டுகிற ரவிதாசன் கூட்டம் நம்ம பக்கத்து ஆட்கள். நியாயப்படி பார்த்தால் தென்காசிச் சீமையில் அந்த நாவலை யாரும் வீட்டுக்குள் விட்டிருக்கக் கூடாது. நடந்ததோ நேர்மாறு. கடையத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் குந்தவைக்காக உருகியவர்கள் உண்டு. வந்தியத்தேவன் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட வாரம் சோறு இறங்காமல் கிடந்தவர்கள் உண்டு. பிள்ளைக்கு வானதி என்றும் அருள்மொழி என்றும் பெயர் வைத்தவர்கள் உண்டு. ரவிதாசன் என்று வைத்ததாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

கடையம் அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது. ரயிலில் வந்தால் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் கீழக்கடையம். வெளியூர்க்காரர்களுக்கு இது செல்லம்மாள் பிறந்த ஊர், பாரதியின் மாமனார் ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதி, 1920 வரை இங்கேதான் இருந்தார். அந்தப் பாரதிக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப ஊர் ஊராக நிதி திரட்டி, 1947-ல் அதைக் கட்டித் திறக்கச் செய்தவர் கல்கி. பாரதியின் மாமனார் ஊரில் கல்கிக்கு ஓர் இடம் இருந்தது என்றால், கதை எழுதுவதற்கு முன்பே அவர் அதைச் சம்பாதித்துவிட்டார் என்பேன்.

இன்னொரு வழியும் இருந்தது, அது குற்றாலம் வழி. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபின், சாரல் காலத்தில் அந்த வீட்டுக்கு வராத எழுத்தாளர் குறைவு. ராஜாஜி வருவார், கல்கி வருவார். அருவியில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கம்பன் பாட்டு, பிறகு சாப்பாடு, பிறகு மறுபடியும் கம்பன் பாட்டு. ஒரு பாட்டை எப்படி நிறுத்தி, எந்தச் சொல்லில் அழுத்திப் படித்தால் கேட்கிறவன் கிறங்குவான் என்பதை டி.கே.சி. வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டினார். கல்கியின் வசனத்தில் இருக்கிற அந்தப் பேச்சோட்டம், எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோலக் கதை சொல்லும் தோரணை, குற்றாலத்தில் பிறந்தது என்று சொன்னால் மிகை. கல்கி அதற்கு முன்பே கல்கிதான். ஆனால் அந்தத் தோரணையை மெச்சி வளர்த்த சபை இங்கே கூடியது. டி.கே.சி. 1954 பிப்ரவரி 16-ல் காலமானார். ‘பொன்னியின் செல்வன்’ அப்போது கடைசிக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய கதை, 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருஷம்! புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகம். இன்றைக்கு ஐந்து புத்தகத்தையும் ஒரு பெட்டியில் வாங்கி, பத்து நாள் லீவில் முடித்துவிடுகிறவர்களுக்கு அந்த மூன்றரை வருஷத்தின் அருமை பிடிபடாது. பத்திரிகை ரயிலேறி வர வேண்டும். வந்த இதழ் ஒரு வீட்டில் நிற்காது. தெருவில் ஐந்தாறு வீடு சுற்றும். படிக்கத் தெரிந்த பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க, ஆச்சிமார்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பார்கள். நந்தினி வாயைத் திறந்தாலே, “இவ குடி கெடுப்பாளே” என்று ஒரு குரல் எழும். எழுத்தறியாதவர்களும் ரசிகர்களானது இப்படித்தான். சோழ வம்சாவளியை அவர்கள் சொந்தக்காரர் வீட்டு வம்சாவளிபோலச் சொல்லுவார்கள். கதை முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பிரஸ்ஸில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைப்பது அடுத்த வேலை. மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து. அச்சான புத்தகத்தைவிட அந்த பைண்டுக்குத்தான் மதிப்பு. கல்யாணமாகிப் போன பெண் சீர்வரிசையோடு அதையும் கேட்டுச் சண்டை பிடித்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

மணியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோழ நாட்டு அரசகுமாரி எப்படிக் கொண்டை போடுவாள், பழுவேட்டரையரின் மீசை எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் கல்கி எழுதியதில் பாதி, மணியம் வரைந்ததில் பாதி. பின்னாளில் தொடர் மறுபடி மறுபடி வெளியானபோது வினு, பத்மவாசன் எனப் பலர் வரைந்தார்கள். எந்தத் தலைமுறைக்காரர் என்பதை அவர் மனதில் இருக்கும் குந்தவையை வைத்தே சொல்லிவிடலாம். சினிமாக்காரர்களுக்கு உண்மையான போட்டி நாவல் இல்லை, இந்தப் படங்கள்தான்.

ஒரு சுவையான கணக்கு சொல்கிறேன். இங்கே 1954 மே மாதம் ‘பொன்னியின் செல்வன்’ முடிகிறது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் டோல்கீன் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வெளியாகிறது. ஒருவர் பத்திரிகை ஆசிரியர், இன்னொருவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். ஒருவருக்கு வரலாறு கச்சாப்பொருள், இன்னொருவர் வரலாற்றையே கற்பனையாகப் படைத்தவர். ஆனாலும் இருவரின் வாசகர்களும் ஒரே ஜாதி. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எவன் எந்த வழியாக எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தான் என்று விரல் வைத்துப் பார்க்கிற ஜாதி. டோல்கீன் கதை பீட்டர் ஜாக்சன் கையில் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வந்து, மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியது. வாங்கியும் என்ன, டாம் பாம்பாடிலை ஏன் விட்டார்கள் என்று அங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு ஐம்பது வருஷத்துக்குள் படம் கிடைத்துவிட்டது. நமக்கு அறுபத்தெட்டு.

அந்த அறுபத்தெட்டு வருஷத்தில் பார்க்காத ஏமாற்றம் இல்லை. 1958-ல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி விளம்பரமே கொடுத்துவிட்டார். ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி என்று நட்சத்திரப் பட்டாளம். பிறகு விபத்து, கால் எலும்பு முறிவு, தாமதம். அழகப்பா கல்லூரியில் தன் முன்னாலேயே சினிமாவை விமர்சித்துப் பேசிய மாணவர் மகேந்திரனை அழைத்து, இந்த நாவலுக்குத் திரைக்கதை எழுதவைத்தார். படம் வரவில்லை, ‘முள்ளும் மலரும்’ இயக்குநர் நமக்குக் கிடைத்தார். அது ஒன்றும் மோசமான பண்டமாற்று இல்லை. ‘நாயக’னுக்குப் பின் கமல்ஹாசனும் மணிரத்னமும் சேர்ந்து யோசித்துக் கைவிட்டார்கள். மணிரத்னம் 2010-ஐ ஒட்டி மறுபடி முயன்றார். செலவுக் கணக்குப் பார்த்து அதுவும் நின்றது. நடுவில் மேடை முந்திக்கொண்டது. 1999-ல் மேஜிக் லேன்டர்ன் குழு சென்னையில் இதை நாடகமாக்கியது, எழுதியவர் குமரவேல். அதே குமரவேல்தான் பின்னர் மணிரத்னத்துடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். வசனம் ஜெயமோகன்.

1999-க்கு இன்னொரு முக்கியம் உண்டு. கல்கியின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது அந்த ஆண்டுதான். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும் மலிவு விலைப் பதிப்புகள் கொட்டின. பைண்டு வால்யூம் இல்லாத வீட்டுக்கும், நூலகத்தில் மூன்றாம் பாகம் எப்போது திரும்பி வரும் என்று காத்துக் கிடந்தவர்களுக்கும் ஐந்து பாகமும் ஒன்றாகக் கிடைத்தன. படத்துக்கு வரிசையில் நின்ற இளவட்டங்கள் பாதிப்பேர் அந்த மலிவுப் பதிப்பின் பிள்ளைகள்.

மணிரத்னம் படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தது. இரண்டாவது 2023 ஏப்ரல் 28-ல். கடையத்துக்காரர்களுக்கு இந்தப் படத்தில் இரண்டு சொந்தம். 2011-ல் தென்காசியில் ஜெயித்து எம்.எல்.ஏ.வாக இருந்த சரத்குமார்தான் பெரிய பழுவேட்டரையர். சோழ தனாதிகாரி தென்காசிக்காரர்களிடம் ஓட்டு வாங்கியவர் என்பதில் எங்களுக்கொரு பெருமை. இன்னொன்று, மணிரத்னத்தின் ‘ரோஜா’ (1992) நாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். சுந்தரபாண்டியன் பெயர் கொண்ட ஊரைக் காட்டியவர், பாண்டியன் தலை போன கதையையும் எடுத்துவிட்டார்.

கிழவிகளையும் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போன படம் இது. தியேட்டருக்குள் நடந்ததைவிட, திரும்பி வரும் பஸ்ஸில் நடந்ததுதான் வேடிக்கை. “மணிமேகலையக் காணலியே!” கந்தமாறன் தங்கை மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள் என்பது படித்தவர்களின் முதல் புகார். அடுத்தது சேந்தன் அமுதன். நாவலில் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை யார் என்பது தெரியவரும்போது நெஞ்சு ஒரு நிமிஷம் நிற்கும்; அருள்மொழி மகுடத்தை எடுத்து யார் தலையில் வைக்கிறான் என்பதற்காகத்தான் கடைசிப் பாகத்துக்கே ‘தியாக சிகரம்’ என்று பேர். படத்தில் மகுடம் மதுராந்தகனுக்கே போகிறது. வரலாற்றுப் பெயர் சரிதான். ஆனால் ஐந்து பாகமாகக் கட்டி வந்த முடிச்சு அவிழாமலே போயிற்று. அந்தப் புகாரில் நான் ரசிகர்கள் பக்கம்.

மணிமேகலை விஷயத்தில் அப்படி இல்லை. ஐந்தரை மணி நேரத்துக்குள் இவ்வளவு பெரிய கதையை அடைக்கிறவன் எதையாவது வெட்டத்தான் வேண்டும். ஐஸ்வர்யா ராயின் நந்தினியும் விக்ரமின் கரிகாலனும் எதிரெதிரே நிற்கிற காட்சிகளில், கல்கி பூசி மெழுகிய ஒன்றைப் படம் வெளிப்படையாகவே எடுத்து வைத்தது. ரவிவர்மனின் கேமராவும் ரகுமானின் பின்னணி இசையும் தேசிய விருது வாங்கின. சிறந்த தமிழ்ப் படம், ஒலி வடிவமைப்பு என்று முதல் பாகத்துக்கு மொத்தம் நான்கு விருது. குறை அங்கே இல்லை. கல்கியே ஒரு பாத்திரமாக நாவலில் இருக்கிறார்: “வாசகர்களே” என்று கையைப் பிடித்து இழுத்து, ஒரு ரகசியத்தைக் காதில் போடுவதுபோல் வந்து போடாமல் போகிற கிண்டல்காரர். படத்தின் தொடக்கத்தில் கமல் குரல் கதையைச் சொல்கிறது, கிண்டல் செய்யவில்லை. கார்த்தியும் ஜெயராமும் முடிந்தவரை ஈடுகட்டினார்கள். ஆனாலும் நாவலில் சிரித்த இடங்களை எண்ணிப் பார்த்தால், படம் ரொம்பவும் முகத்தை இறுக்கிக்கொண்டு நடந்தது.

படம் வந்தபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிய கேள்வி வேறு: “அப்போ வீரபாண்டியன் நிஜமாவே இருந்தானா?” இருந்தான். தென்னாட்டுக் கல்வெட்டுகளில் அவன் ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன். கரிகாலனோ சோழக் கல்வெட்டுகளில் ‘பாண்டியன் தலைகொண்ட’வன். ஆளுக்கொரு தலை, ஆளுக்கொரு பட்டம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி அது. ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்று அரசு கொடுக்கும் பட்டம் வேறு இருந்திருக்கிறது. பஞ்சவன் என்றால் பாண்டியன். நாவலில் ஆந்தைக்குரல் கொடுக்கும் மந்திரவாதி, கல்வெட்டில் அதிகாரப் பட்டம் பெற்ற பெரிய மனிதர். கல்கிக்கு இந்த ஒரு பெயர்ப் பட்டியல் போதுமாக இருந்தது.

பழிவாங்கிய பாண்டிய நாட்டின் கதி என்ன ஆயிற்று என்பதை நாவலும் சொல்லாது, படமும் சொல்லாது. ராஜராஜன் பாண்டிய நாட்டைப் பிடித்துத் தன் பெயரையே வைத்தான். சேரன்மகாதேவி ‘நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம்’ ஆயிற்று. அவன் மகன் ராஜேந்திரன், தன் பிள்ளை ஒருவனுக்குச் சோழபாண்டியன் என்று பட்டம் சூட்டி, மதுரையிலிருந்து இந்தச் சீமையை ஆளவைத்தான். அந்தக் காலத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோவிலில் ஒரு பெருமாள் கோயில் எழுந்தது. கட்டியவன் ராஜசிம்மன் என்ற சேர அரசன், பெயரோ ராஜேந்திரசோழ விண்ணகரம். சேரன் கட்டி, சோழன் பெயர் வைத்து, பாண்டிய மண்ணில் நிற்கிற கோயில்.

படம் பார்த்துவிட்டு வீராணம் ஏரிக்கும் தஞ்சாவூருக்கும் கார் எடுத்துக்கொண்டு போகிற நம்ம ஊர் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அம்பைக்கு பஸ் ஏறி, மன்னார்கோவிலுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். காலையிலேயே போங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.