தட்டு காலியாகிறது, பூனை மெலிகிறது

எங்கள் வீட்டுப் பூனை செல்லிக்கு அப்போது 11 வயது. வைத்த மீனைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் காலைச் சுற்றும். ஆனால் தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு மணிமணியாகக் கையில் தட்டுப்பட்டது. வாரத்துக்கு ஓரிரு முறை வாந்தி. முடியை நக்கி விழுங்கியிருக்கும், வயசும் ஆயிற்று என்று இருந்துவிட்டேன். தராசில் ஏற்றியபோதுதான் 4 கிலோ 3 கிலோவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. அதன் உடம்பில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

தைராய்டு, சர்க்கரை நோய் இரண்டிலும் இப்படி மெலியும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருந்தது. பயாப்சி முடிவு வந்தது: குடல் லிம்போமா, சிறு செல் வகை.

என்ன வகை என்று கேளுங்கள்

புற்று என்றதும் மனம் உடைந்துவிடுகிறது. ஆனால் வகையைப் பொறுத்துப் பாதையே மாறும். சிறு செல் லிம்போமா மெதுவாக வளரும். பிரெட்னிசோலோன், குளோராம்புசில் என்ற இரண்டு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கலாம். பல பூனைகள் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் நன்றாக வாழ்கின்றன. பெரிய செல் வகை வேகமானது. அதற்கு ஊசி வழிக் கீமோ தேவைப்படும்.

லிம்போமாவைத் தவிர வேறு புற்றுகளும் உண்டு. வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியில் ஆறாத புண் வந்தால் அசட்டை செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது தோல் புற்றாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே காது மடலை நீக்கினால் பெரும்பாலும் குணமாகும். பெண் பூனையின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கெட்ட கட்டிகளே. ஒரு வயதுக்குள் கருத்தடை அறுவை செய்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

கீமோ பற்றிய பயம்

மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் பூனைக்கும் அதே கதி என்று நினைக்கிறார்கள். பூனைக்கு மருந்தின் அளவு குறைவு. அவதியில்லாமல் நாட்களை நீட்டுவதுதான் நோக்கம். உடம்பு முடி பெரும்பாலும் கொட்டாது, மீசை உதிரலாம். வாந்தி, பசியின்மை, வெள்ளணுக் குறைவு வரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

"மாத்திரையை உடைக்காதீங்கம்மா, வெறுங்கையால தொடாதீங்க" என்று குளோராம்புசில் பற்றி டாக்டர் இரண்டு முறை சொன்னார். கையுறை அவசியம். மருந்து கொடுத்த சில நாட்களுக்கு மணல் தட்டைச் சுத்தம் செய்யும்போதும் கையுறை வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

பட்டினி பொறுக்காது

பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே பசி குறைந்ததும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பசியைத் தூண்டவும் குமட்டலை அடக்கவும் மருந்து உண்டு. குடல் லிம்போமாவில் பி12 சத்து குறைவது வழக்கம், ஊசியாகப் போடுவார்கள். தேவையானால் கழுத்து வழியாக உணவுக் குழாய் வைக்கலாம். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், பூனை அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

செல்லிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழியை இளஞ்சூட்டில் வைத்தால் வாசனைக்கே எழுந்து வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வாயைத் திறந்து திணித்தால் அந்த உணவையே வெறுத்துவிடும். கீமோ நடக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் பச்சை மீனும் பச்சைக் கறியும் வேண்டாம்.

கைவைத்தியத்தில் கவனம்

நோய் தெரிந்த நாளிலிருந்து ஆளுக்கொரு யோசனை வந்தது. மஞ்சள் கரைத்துக் கொடு, முள்சீத்தா இலைக் கஷாயம் கொடு என்றார்கள். அக்கறையில் சொன்னவைதான். ஆனால் பூனையின் ஈரல் பல பொருட்களை நம் ஈரல்போல உடைத்து வெளியேற்றாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிக்கும். யூகலிப்டஸ் தைலத்தைத் தடவினால் பூனை அதை நக்கிவிடும், உள்ளே போய் நஞ்சாகும். மஞ்சளோ முள்சீத்தாவோ பூனையின் புற்றைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிரெட்னிசோலோன் சாப்பிடும் பூனைக்கு வலி மாத்திரை என்று மெலாக்சிகாம் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் வரலாம்.

துணை வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீன் எண்ணெய், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்யும் அக்குபங்சர் ஆகியவற்றைச் சிகிச்சை அளிப்பவரிடம் கேட்டுச் சேர்க்கலாம். அவை புற்றைக் கரைக்காது. என் அனுபவத்தில் பெரிய துணை மருந்து வீட்டின் அமைதிதான்: ஏற வசதியாகத் தாழ்வான படுக்கை, பக்கத்திலேயே மணல் தட்டு, சத்தமில்லாத மூலை.

வலி முகத்தில் தெரியும்

பூனை வலியை மறைக்கும். காது பக்கவாட்டில் திரும்புவது, கண் பாதி மூடியிருப்பது, மூஞ்சி இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது என்ற ஐந்தையும் கவனித்தால் தெரிந்துவிடும். தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தினாலும் உஷாராகுங்கள். நல்ல நாளையும் கெட்ட நாளையும் காலண்டரில் குறித்துவையுங்கள். கெட்ட நாட்கள் மிஞ்சத் தொடங்கினால் வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி டாக்டரிடம் பேசத் தயங்காதீர்கள். அதுவும் நாம் அதற்குச் செய்யும் கவனிப்புதான்.

செல்லி மாத்திரை தொடங்கி 18 மாதம் ஆகிறது. இன்று எடை 3.6 கிலோ. உங்கள் வீட்டில் வயதான பூனை இருந்தால் மாதம் ஒருமுறை எடை போடுங்கள். 4 கிலோ பூனை காரணமில்லாமல் 200 கிராம் குறைந்திருந்தாலே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.