வைட்டமின் டியும் தடைக்காப்புச் செல்களின் வளர்சிதை மாற்றமும்

முன்னுரை

‘வைட்டமின் டி நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்னும் தொடர் தமிழ் மருத்துவ எழுத்தில் நிலைபெற்றுவிட்ட ஒன்று. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அது மேலும் பரவியது. தொடர் முற்றிலும் பிழையன்று. ஆயினும் அது பாதி உண்மையே. கிருமியைக் கொல்லும் செல்லைத் தூண்டும் அதே பொருள், அளவு கடந்து போரிடும் செல்லை அடக்கவும் செய்கிறது. ‘எதிர்ப்பு’ என்னும் சொல் முதற்பணியை மட்டுமே சுட்டும். தமிழகப் பாடநூல்கள் ஆளும் ‘தடைக்காப்பு’ என்பதில் தடுத்தலும் காத்தலும் ஒருங்கே அடங்குவதால் இக்கட்டுரை அச்சொல்லையே கொள்கிறது. மற்றொரு சொற்சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் வெவ்வேறான இரண்டு எழுத்துகள் தமிழில் ‘டி’ என்றே ஆவதால், வைட்டமின் டியும் டி செல்லும் ஒரே தொடரில் வரும்போது வாசகர் மயங்க நேரும். பின்னதன் எழுத்து தைமஸ் சுரப்பியைக் குறிப்பதாகலின், அவை இங்குத் தைமஸ் செல்கள் எனப்படுகின்றன.

உணவன்று, ஹார்மோன்

‘உயிர்ச்சத்து’ என்னும் பெயர் இப்பொருளை உணவுக்கூறாக எண்ணச் செய்கிறது. உண்மையில் தோலிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் மீது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர் படும்போது உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. கல்லீரல் இதனோடு ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. குருதியில் மிகுதியாக உலவுவதும் ஆய்வகத்தில் அளக்கப்படுவதும் இவ்வடிவமே. சிறுநீரகம் மற்றொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்தபின் கால்சிட்ரியால் என்னும் செயல்வடிவம் பிறக்கிறது. அது செல்லுக்குள் வைட்டமின் டி ஏற்பியோடு பிணைந்து, மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது. ஆதலின் இது ஹார்மோன் வகையைச் சார்ந்தது.

சிறுநீரகம் மட்டுமே கால்சிட்ரியாலை ஆக்கும் என்ற கருத்து 1980களின் தொடக்கத்தில் தளர்ந்தது. சிறுநீரகங்களே இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளியின் குருதியில் கால்சிட்ரியால் மிகுந்திருந்தது 1981இல் பதிவாயிற்று. அதனை ஆக்கியவை நுரையீரலின் பெருவிழுங்கிகள், அதாவது மேக்ரோபேஜ்கள், என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிறுநீரகத்தின் உற்பத்தியைப் பாராதைராய்டு ஹார்மோன் ஆள்கிறது. பெருவிழுங்கியின் உற்பத்தி அந்த ஆட்சிக்கு உட்படுவதில்லை. அந்நோயில் குருதிக் கால்சியம் அளவு மீறுவதற்கு இதுவே காரணம்.

பெருவிழுங்கியின் உள்ளே

இந்த உற்பத்தியின் பயனைக் காட்டியது 2006இல் வெளியான ஆய்வு. காசநோய்க் கிருமியின் மேற்பொருளை மனிதப் பெருவிழுங்கி தன் உணரிகளால் அறிந்தவுடன், வைட்டமின் டி ஏற்பியையும் கால்சிட்ரியாலை ஆக்கும் நொதியையும் கூட்டிக்கொள்கிறது. அங்கேயே உருவாகும் கால்சிட்ரியால் கேதலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதச்சிறுதொடரைத் தோற்றுவிக்கிறது. மூலப்பொருள் குறைந்த குருதிநீரில் வளர்த்த செல்கள் கேதலிசிடினைக் குறைவாகவே ஆக்கின. குறையை நிரப்பியதும் மீண்டும் ஆக்கின. கேதலிசிடின் மரபணு வைட்டமின் டிக்குக் கட்டுப்படும் இவ்வமைப்பு மனிதன் முதலிய உயர்பாலூட்டிகளில் உண்டு, எலியில் இல்லை. எலியில் கண்ட முடிவுகளை அப்படியே மனிதர்க்கு ஏற்றிக் கூறுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

வளர்சிதை மாற்றம் இங்குதான் முன்னிலைக்கு வருகிறது. காசநோய்க் கிருமி தான் குடிபுகுந்த செல்லில் கொழுப்புத் துளிகளைப் பெருக்கி, அவற்றையே உணவாகக் கொள்கிறது. கால்சிட்ரியால் கொழுப்புச் சேமிப்பைத் தூண்டும் பிபார்-காமா என்னும் ஏற்பியை அடக்குவதால் அத்துளிகள் குறைகின்றன என 2014இல் காட்டப்பட்டது. கிருமியைத் தாக்கும் கருவியைத் தருவதோடு அதன் உணவையும் இப்பொருள் குறைக்கிறது.

அடக்கத்திற்கும் எரிபொருள்

ஓய்விலுள்ள செல் குளுக்கோஸைப் பெரிதும் மைட்டோகாண்ட்ரியா வழியே எரிக்கிறது. போருக்கு எழும் செல்லோ ஆக்சிஜன் இருக்கும்போதே கிளைக்காலிசிஸ் என்னும் குறுக்கு வழியை நாடுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி மட்டுமே மிஞ்சும் வழி அது. ஆயினும் விரைவானது, புதிய செல்லுக்குரிய கட்டுமானப் பொருள்களையும் தருவது. இதனால் கிளைக்காலிசிஸ் என்றால் அழற்சி, மைட்டோகாண்ட்ரியா என்றால் அமைதி என ஒரு வாய்பாடு உருவாயிற்று.

அவ்வாய்பாட்டை 2015இல் டென்ட்ரிடிக் செல்களைப் பற்றிய ஆய்வு கலைத்தது. அயற்பொருளைத் தைமஸ் செல்லுக்கு எடுத்துக்காட்டும் இச்செல்கள் கால்சிட்ரியால் பெற்றால் அழற்சியைத் தூண்டாமல் பொறுதியைக் கற்பிக்கின்றன. இன்டர்லியூகின்-12 குறைகிறது, இன்டர்லியூகின்-10 கூடுகிறது. அந்நிலையில் கிளைக்காலிசிஸ், மைட்டோகாண்ட்ரியச் சுவாசம் இரண்டுமே உயர்ந்திருந்தன. குளுக்கோஸையோ, கிளைக்காலிசிஸை நடத்தும் எம்டார் குறிப்புவழியையோ தடுத்தபோது பொறுதி நிலைக்கவில்லை. ஆகவே பொறுதி என்பது செல்லின் சோம்பல் அன்று. எரிபொருள் வேண்டும் செயலே அது.

தைமஸ் செல்களிடமும் இவ்விரட்டைத் தன்மை காணப்படுகிறது. தூண்டப்படாத தைமஸ் செல்லில் வைட்டமின் டி ஏற்பி அரிது. முதல் தூண்டலில் அது தோன்றினாலன்றி, ஏற்பியிலிருந்து குறிப்பைக் கடத்தும் ஒரு நொதி போதிய அளவு உருவாவதில்லை. செல்லும் முழுமையாக விழிப்பதில்லை (2010). விழித்தபின்னரோ, அழற்சி வகைத் தைமஸ் செல்களைக் கால்சிட்ரியால் அடக்கி, ஒழுங்குபடுத்தும் வகையை வளர்க்கிறது.

நோயாளியிடம்

ஆய்வகம் காட்டியவை மருத்துவமனையில் எளிதில் மெய்ப்படவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 247 காசநோயாளிகளிடம் நடத்திய சோதனையில் (2015), வழக்கமான மருந்துகளோடு தவணைக்கு 2.5 மில்லிகிராம் வைட்டமின் டி நான்கு முறை தரப்பட்டது. சளியிலிருந்து கிருமி மறைவது அதனால் விரைவுபடவில்லை. மங்கோலியாவில் பெரும்பாலும் குறைபாடுடைய 8,851 பள்ளிச் சிறார்க்கு மூன்றாண்டுகள் வாரந்தோறும் வழங்கியும் காசநோய்த் தொற்று குறையவில்லை (2020). கேதலிசிடின் கதை எவ்வளவு அழகாயினும், மாத்திரைக்கு அதனைச் சான்றாக்குவது இந்நிலையில் பொருந்தாது.

மூச்சுக்குழல் தொற்றுகள் பற்றிய 25 சோதனைகளின் தொகுப்பு (2017) வேறொரு நுட்பத்தைக் காட்டியது. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிதளவு பெற்றோர்க்கு, அவருள்ளும் கடுங்குறைபாடு உடையோர்க்கு, பயன் இருந்தது; ஒரே முறையில் பேரளவு பெற்றோர்க்கு இல்லை. பேரளவு மருந்து கால்சிட்ரியாலைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுவது காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. அடக்கும் பணிக்கு வலுவான சான்று அமெரிக்காவின் வைட்டல் சோதனையிலிருந்து வந்தது. நடுவயது கடந்த 25,871 பேரில், நாளொன்றுக்கு 2,000 பன்னாட்டு அலகு பெற்றோரிடம், தன்னுடலையே தாக்கும் நோய்கள் ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் 22 விழுக்காடு குறைவாகத் தோன்றின (2022).