வரைந்த மான் நடக்கும் விதம்: அசைவூட்டப்படக் கலை

ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்டன் 1923இல் நூலாக வெளியிட்டு, பின்னர் சிறார் இலக்கியமாக உலகெங்கும் பரவிய 'பாம்பி' என்னும் மான் பற்றிய நாவலை, வால்ட் டிஸ்னி நிறுவனம் 1942இல் முழுநீள அசைவூட்டப்படமாக ஆக்கியது. அப்படத்தில் பணியாற்றிய ஓவியர் கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தில் இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தமையால், அந்தக் கலைநுட்பம் இந்நாட்டுக் கைகளுக்கு நேரடியாக வந்து சேர்ந்தது.

திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவதால், ஏறத்தாழ 70 நிமிடம் ஓடும் 'பாம்பி'யில் ஒரு லட்சம் சட்டகங்கள் உள்ளன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவைப்படும். மான் துள்ளும் காட்சியில், அது பதுங்கும் நிலை, எழும்பும் நிலை, உச்சியை அடையும் நிலை, தரையைத் தொடும் நிலை ஆகிய முதன்மை வரைவுகளைத் தலைமை ஓவியர் தீட்ட, அவற்றுக்கு நடுவே வரும் இடைவரைவுகளைத் துணை ஓவியர்கள் நிரப்புவர். அடுத்தடுத்த வரைவுகள் நெருங்கியிருந்தால் அசைவு மெதுவாகவும், விலகியிருந்தால் விரைவாகவும் தோன்றும். எனவே உச்சியில் நெருக்கமும் இறக்கத்தில் விலக்கமும் அமையும்போதுதான் மானின் உடலுக்கு எடை இருப்பதாகக் கண் நம்புகிறது. இந்த இடைவெளியைத் தீர்மானிப்பதே இக்கலையின் உயிர்நாடி.

பென்சில் வரைவுகள், 'செல்' எனப்படும் ஒளிபுகும் தகடுகளின் முன்பக்கத்தில் மைக்கோடுகளாகப் படியெடுக்கப்பட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூசப்பட்டது. தனியே தீட்டிய பின்னணியின்மேல் அத்தகட்டை வைத்து, ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடித்ததால், காட்டை மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருக்கவில்லை. காட்டுக்கு ஆழம் தருவதற்காக, மரங்களையும் புதர்களையும் வெவ்வேறு உயரங்களில் அமைந்த கண்ணாடித் தளங்களில் தீட்டி, மேலிருந்து படம்பிடிக்கும் பல்தளக் கேமரா பயன்பட்டது. தளங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தப்பட்டதால், அருகிலுள்ள இலைகள் விரைந்தும் தொலைவிலுள்ள மரங்கள் மெல்லவும் கடந்துசென்றன. இவற்றுக்கெல்லாம் முன்பாக, உயிருள்ள மான்குட்டிகளை ஸ்டுடியோவுக்கே வரவழைத்து, அவற்றின் எலும்பமைப்பையும் நடையையும் ஓவியர்கள் பயின்றனர்.

வீக்ஸின் பயிற்சியின் விளைவாக 1957இல் உருவான 'தி பன்யன் டியர்' என்னும் குறும்படமும் ஒரு மானின் கதையே. சூல் கொண்ட பெண்மானுக்காகத் தன் உயிரைத் தர முன்வரும் மானரசனைப் பற்றிய புத்த ஜாதகக் கதையை, அது அஜந்தா ஓவியச் சாயலில் சொல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பிலிம்ஸ் டிவிஷனின் அசைவூட்டப் பிரிவில் சேர்ந்த ராம் மோகன், பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாக உயர்ந்து, ஜப்பானியக் கலைஞர்களுடன் இணைந்து 1992இல் இராமாயணத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

புறக்கோட்டை முதலில் வகுத்து வண்ணத்தைப் பின்னர் நிரப்பும் முறை அஜந்தா ஓவியர்களும் கையாண்டதே. கோட்டின் ஆற்றலை நேரில் அறிய விழையும் தமிழ் மாணவர்கள், விக்கிரவாண்டிக்கு அண்மையிலுள்ள பனைமலையில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலுக்குச் சென்று, ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கும் தேவியின் சுவரோவியத்தைக் கூர்ந்து நோக்கலாம். இன்று இடைவரைவுகளைக் கணினியே கணித்துத் தரவும் முடிகிறது. எனினும், எந்த நிலையைத் தேர்வது, எங்கே விரைவது, எங்கே தயங்குவது என்பவற்றை, விலங்கையும் மனிதரையும் பொறுமையாகக் கவனித்துப் பழகிய ஓவியரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.